உடலின் நாழிகை

தூங்குமூஞ்சி மரம் என்று ஒரு மரத்துக்குப் பெயர் வைத்த நம் ஊரார் நகைச்சுவை உணர்வு மிக்கவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். தென்னமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த அம்மரம் சென்னைச் சாலைகளிலும் உண்டு; நாம் இப்போது குடியிருக்கும் மும்பைச் சாலைகளிலும் உண்டு. மாலை மங்கியதும் தன் சிற்றிலைகளை இணை இணையாக மடித்துக்கொள்ளும். பொழுது புலர்ந்ததும் விரிக்கும். புளியமரமும் அவ்வாறே. நம் கொல்லைப்புறத்தில் நாள்தோறும் நிகழ்ந்த இக்காட்சியை நாம் கண்டும் காணாதது போல் இருந்துவிட்டோம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் கடற்படையைச் சேர்ந்த ஆந்திரோஸ்தினீஸ் என்பவர், இன்று பஹ்ரைன் எனப்படும் தீவில் புளியமரத்தைக் கண்டு வியந்து, அதன் இலைகள் இரவில் மூடுவதையும் பகலில் திறப்பதையும் குறித்துவைத்தார். மரம் உறங்குகிறது என்று தீவு மக்கள் அவரிடம் சொன்னார்களாம். உயிர்களின் பொழுதுணர்வைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையதாக அறிஞர் காட்டுவது இக்குறிப்பே. புளி நமக்குக் குழம்புக்கு மட்டும் பயன்படவில்லை என்பதில் சிறிது பெருமை கொள்ளலாம்.

ஒளி வந்தால் இலை விரிகிறது, ஒளி போனால் மூடுகிறது. இதில் என்ன புதுமை என்று தோன்றும். 1729இல் தெ மெரான் என்ற பிரெஞ்சு வானியலாளருக்கும் இந்த ஐயம் எழுந்தது. தொட்டாற்சிணுங்கி வகைச் செடியொன்றை அவர் இருட்டறையில் வைத்துப் பார்த்தார். கதிரவன் எழுந்ததை அறிய வழியே இல்லாத அச்செடி, உரிய வேளையில் இலைகளை விரித்தது; உரிய வேளையில் மூடியது. அப்படியானால் பொழுதைச் சொல்லும் மணி வெளியே இல்லை, செடிக்கு உள்ளேயே இருக்கிறது. இந்த முடிவை உலகம் முழுதும் ஏற்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பொழுதைப் பகுப்பதில் தமிழர் பின்தங்கியவர் அல்லர். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் ஒரு சிறுபொழுதை உரிமையாக்கியது. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, பாலைக்கு நண்பகல், நெய்தலுக்கு எற்பாடு. மருதத்துக்கோ இரவு கழிந்து பொழுது புலரும் வேளை. மனித உள்ளம் எல்லா வேளையிலும் ஒரே தன்மையில் இருப்பதில்லை என்னும் உண்மையை ஓர் இலக்கணமே ஒப்புக்கொண்டு வகுத்திருக்கிறது. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்குப் பொழுது சொல்ல நாழிகைக் கணக்கர் வருகின்றனர். ஒரு நாளைக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். இந்தக் கணக்கை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சிறிது நேரத்தில் நமக்குத் தேவைப்படும்.

செடியை அடைத்துப் பார்த்த பின் மனிதனையும் அடைத்துப் பார்க்காமல் அறிவியல் விடுமா? 1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற 23 வயதுப் பிரெஞ்சு இளைஞர், ஆல்ப்ஸ் மலையின் பனிக்குகை ஒன்றில் கடிகாரமின்றி இரண்டு மாதம் தனித்திருந்தார். செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்றே அவர் எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து நாட்கள் எங்கோ தொலைந்திருந்தன. ஒன்று முதல் 120 வரை, நொடிக்கு ஒன்றாக எண்ணும்படி அவரிடம் கேட்டபோது அதற்கு அவர் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் விழித்ததையும் உறங்கியதையும் மேலிருந்தவர்கள் குறித்து வந்த ஏட்டைப் பார்த்தால், அவருடைய ஒரு நாள் சராசரியாக 24 மணி 30 நிமிடமே. மனம் கணக்கைத் தவறவிட்டது. உடல் தவறவிடவில்லை.

ஜெர்மனியில் யூர்கன் அஷோஃப் என்ற அறிஞர் 1960களில் ஆண்டெக்ஸ் என்ற ஊரில் நிலவறை ஒன்றைக் கட்டி, நூற்றுக்கணக்கானோரை வாரக்கணக்கில் அதில் தங்கவைத்துப் பார்த்தார். இதனோடு நம் மதுரையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இத்துறையை வளர்த்தார். மனிதரைத் தனித்திருக்கச் செய்து ஆராயும் அறை ஒன்றை அங்கே அமைத்தார். கடிகாரமும் செய்தித்தாளும் சாளரமும் இல்லாத அவ்வறையில், தமிழ்நாட்டு இளைஞர் சிலர் தம் உடலின் நாளைத் தாமே வாழ்ந்து காட்டினர். அவ்வாறு இருந்தவர்களில் சிலருக்கு உறக்கமும் விழிப்பும் இரண்டு நாளை ஒரு நாளாக்கி நீண்டுபோக, உடல் வெப்பம் மட்டும் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கியதும் உண்டு.

அப்பேராசிரியரும் அவர் மாணவர்களும் செய்த வேறொரு சோதனைதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. மதுரைக்கு அருகே என்றும் இருள் சூழ்ந்த குகை ஒன்றில் வௌவால்கள் வாழ்ந்தன. சில வௌவால்களைக் கூண்டில் இட்டு அக்குகைக்குள்ளேயே வைத்தனர். கூண்டில் இருந்தவற்றுக்குக் கதிரவனைக் காண வழியில்லை. ஆயினும் சுற்றத்தார் மாலையில் கூட்டமாகப் பறந்து போவதையும் விடியலில் திரும்பி வருவதையும் கேட்டே அவை தம் கடிகாரத்தைச் சரிசெய்து கொண்டன. வௌவால்களே இல்லாத குகைக்கு அவற்றைக் கொண்டுபோனதும் அவற்றின் நாள் சிறுகச் சிறுக நழுவத் தொடங்கிற்று. ஊர்விட்டு வந்து அயல்மொழி நடுவே வாழும் நம்மைப் போன்றோர் இதைப் படிக்கும்போது சற்று நின்று படிக்காமல் இருக்க முடியாது. எனினும் மனிதருக்குச் சுற்றத்தைவிட ஒளியே வலிய கைகாட்டி என்பது பின்வந்த ஆய்வுகளின் முடிவு.

அஷோஃப் காலத்தில் மனித உடலின் நாள் 25 மணி நேரம் என்று கருதினர். அறையில் இருந்தவர்கள் விரும்பியபோது விளக்கை ஏற்றிக்கொண்டதே அக்கணக்கை நீட்டியது என்று பின்னர் தெளிந்தது. 1999இல் சார்லஸ் சைஸ்லர் குழுவினர் மங்கிய ஒளியில் கவனமாக அளந்தபோது கிடைத்த சராசரி 24 மணி 11 நிமிடம். அதாவது, அரை நாழிகைகூட இல்லாத மிகைதான். அந்த மிகையை நாள்தோறும் காலை ஒளி கழித்து நேர்செய்கிறது. அந்த ஒளி நுழையும் வாயிலும் தனியானது. நமக்கு உருவத்தையும் நிறத்தையும் காட்டும் செல்கள் அல்லாமல், மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்ட வேறு சில செல்கள் விழித்திரையில் உண்டு. நீல ஒளியை மிகுதியாக உணரும் இவை, மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள ஏறத்தாழ 20,000 நரம்பு செல்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. உடலின் தலைமைக் கடிகாரம் அதுவே என்று 1972இல் கண்டனர். அரிசி மணியைவிடச் சிறிய இடம். மெலட்டோனின் சுரப்பதற்கும், உடல் வெப்பம் இறங்குவதற்கும், பசி எழுவதற்கும் அங்கிருந்தே கட்டளை போகிறது. அக்கடிகாரத்தின் சக்கரங்கள் மரபணுக்கள் என்று பழ ஈக்களில் காட்டியதற்காக 2017இல் மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு நோபெல் பரிசு வழங்கினர்.

இனி, நாழிகைக் கணக்குக்கு வருவோம். இந்திய நாடு முழுமைக்கும் ஒரே கடிகாரம் உண்டு. அது கிழக்கு நெட்டாங்கு 82.5 பாகையில் ஓடும் கதிரவனுக்குப் பொருந்தியது. சென்னையில் கதிரவன் அக்கடிகாரத்துக்கு 9 நிமிடம் பிந்தி வருகிறான். தில்லியில் 21 நிமிடம். மும்பையில் ஏறத்தாழ 39 நிமிடம், அதாவது ஒன்றரை நாழிகைக்கு மேல். கொல்கத்தாவிலோ ஒரு நாழிகை முந்துகிறான். இதனால்தான் ஜனவரி மாதத்தில் கொல்கத்தாத் தமிழர் காப்பி குடித்து முடித்து நெடுநேரம் ஆன பின், ஏழேகால் மணி அளவில், மும்பைத் தமிழருக்குப் பொழுது விடிகிறது. 1906இல் இந்தியப் பொதுநேரம் வந்த பின்னும் கொல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தம் சொந்த நேரத்தை விடாது வைத்திருந்தன. அதற்கு முன் இருப்புப்பாதை முழுதும் சென்னை வானாய்வகத்தின் நேரப்படி வண்டிகள் ஓடிய காலமும் உண்டு. அந்தக் காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டுப் பெரியவர் நிறுத்தமாட்டார்.

கடிகாரம் ஒன்றாயிருந்து கதிரவன் வேறாயிருந்தால் இழப்பு யாருக்கு? குழந்தைகளுக்குத்தான். மௌலிக் ஜக்னானி என்ற பொருளியலறிஞர் இந்தியப் புள்ளிவிவரங்களைக் கொண்டு இதை ஆராய்ந்தார். கதிரவன் பிந்தி மறையும் ஊர்களில் குழந்தைகள் பிந்தி உறங்கப் போகின்றனர். பள்ளி மணியோ எங்கும் ஒரே நேரத்தில் அடிக்கிறது. கதிரவன் மறைவு ஒரு மணி பிந்தினால் உறக்கம் அரை மணி அளவு குறைகிறது என்றும், காலப்போக்கில் அவர்கள் பள்ளியில் படிக்கும் ஆண்டுகளும் குறைகின்றன என்றும் அவர் கண்டார். நெல்லையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இந்த மேற்குக் கரைக்கு வந்த நம் குடும்பங்கள் வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் கணக்கிட்டு வந்தன. இந்த வரியை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. மகாராட்டிர அரசு 2024இல், நான்காம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்கு ஒன்பது மணிக்கு முன் பள்ளி தொடங்கக் கூடாது என்று ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால் உறக்கம் மிகவும் பிந்துவது நான்காம் வகுப்பில் அன்று, பதின்ம வயதின் முடிவில்.

அதை அறிய எங்களுக்கு நூல் எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் எண்பதை எட்டும் பெரியவர் ஒருவரும், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் அவர் பேரனும் ஒரே அறையில் படுக்கின்றனர். பெரியவர் முப்பத்தைந்து ஆண்டு ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். இப்போது ஒன்பது மணிக்கே கண்ணயர்ந்து நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். எழுந்ததும் பேரனை எழுப்புவார்.

"ஏலே, நாலு மணி ஆச்சு. இந்த நேரத்துல படிச்சா கல்லுல எழுதுன மாதிரி நிக்கும். எந்திரி."

"தாத்தா, நான் படுத்ததே பன்னண்டரைக்கு. இப்ப படிச்சா தண்ணியில எழுதுன மாதிரிதான்."

இந்த உரையாடல் பல மாதம் நாள்தோறும் நிகழ்ந்தது. இருவரும் பொய் சொல்லவில்லை. வயதேற ஏற உடலின் கடிகாரம் முந்துகிறது. பெண்களுக்குப் பத்தொன்பது இருபதிலும், ஆண்களுக்கு இருபத்தொன்றை ஒட்டியும் அது வாழ்நாளிலேயே மிகவும் பிந்தி ஓடுகிறது என்பது ஜெர்மானிய அறிஞர் ரோன்னபெர்க் 2004இல் வெளியிட்ட ஆய்வு. பெரியவருக்கு நான்கு மணி உண்மையிலேயே தெளிந்த வைகறை. பேரனுக்கு அது நடு யாமம். வைகறையில் எழுந்து படிப்பது நம் மரபு என்று சொல்லி இதை முடித்துவிடுவது எளிது. ஆனால் அம்மரபு ஏழரைக்கும் எட்டுக்கும் விளக்கணைத்த ஊர்களில் பிறந்தது. பன்னிரண்டரைக்கு உறங்கி நான்குக்கு எழுவது எந்த மரபிலும் இல்லை.

உறக்கம் படிப்புக்குப் பகை என்று எண்ணும் பெற்றோருக்காக ஒரு பழைய சோதனையைக் கூறுகிறோம். 1924இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலென்பாக் ஆகிய இருவர், பொருளற்ற அசைகளை இரு மாணவர்க்கு மனப்பாடம் செய்யக் கொடுத்தனர். பின் சில நாள் அவர்களை உறங்கவிட்டும், சில நாள் விழித்திருக்கவிட்டும் கேட்டனர். அதே எட்டு மணி நேரம் கழிந்தபோதும், உறங்கி எழுந்தபின் நினைவில் நின்றவை மிகுதி. நூறாண்டு கழிந்தும் அம்முடிவு மாறவில்லை, மேலும் வலுப்பெற்றிருக்கிறது. பகலில் கற்றதை மூளை இரவில் மறுபடி ஓட்டிப் பார்த்து அடுக்கிவைக்கிறது என்பதே இன்றைய கருத்து. இதைப் பெரியவரிடம் படித்துக் காட்டினோம். "அப்ப ஆறு மணிக்கு எழுப்புதேன்" என்று இரண்டு மணி விட்டுக்கொடுத்தார். ரயில்வேக்காரர் அதற்கு மேல் இறங்கி வருவதை எதிர்பார்க்கக் கூடாது.

ஆனால் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது பையன் அல்லன், அவனுடைய அக்காள். மகள் இந்நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் செவிலியாகப் பணிபுரிகிறாள். ஏழு இரவு நைட் டியூட்டி, பின் ஒரு நாள் ஓய்வு, பின் மாலைப் பணி ஒரு வாரம், பின் காலைப் பணி ஒரு வாரம், மீண்டும் இரவு. மூன்று ஆண்டாக இப்படி. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் காலை வீட்டுக்கு வந்து, உணவைத் தொடாமல் அடுக்களை வாயிலில் அமர்ந்தாள். விடிகாலை நான்கரை மணிக்கு ஒரு நோயாளிக்குச் செலுத்தவேண்டிய மருந்தை ஊசியில் ஏற்றி, கட்டிலருகே சென்று, கையைப் பிடித்த பிறகுதான் அடுத்த கட்டிலுக்கு உரியது அது என்று கண்டாளாம். பெயரைப் படித்தாள், படித்ததும் அவளுக்கு நினைவிருக்கிறது, படித்தது உள்ளே ஏறவில்லை.

"ஊசி போடல அம்மா. ஆனா போட்டிருப்பேன்" என்றாள். அந்த இரண்டாவது வாக்கியம் பல இரவு எங்களை உறங்கவிடவில்லை.

மற்றவர் எல்லாரும் அவளுக்கு ஆறுதல் சொன்னபோது பெரியவர் மட்டும் "மணி என்ன இருக்கும்?" என்று கேட்டார். நான்கரை என்றதும் தலையை ஆட்டினார். அவர் பணியாற்றிய காலத்தில் மூன்று முதல் ஐந்து வரையிலான நேரத்துக்குக் கள்ள நேரம் என்று பெயராம். அந்நேரத்தில் அவர் நாற்காலியில் உட்காரமாட்டார். நின்றே வேலை செய்வார். அடுத்த நிலையத்து மாஸ்டரும் இவரும் வண்டி இல்லாவிட்டாலும் தொலைபேசியில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். சொன்ன வண்டி எண்ணை இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். "நமக்கு முழிப்பு இருக்குன்னு நமக்கே தோணும். அதான் கள்ளம்" என்றார்.

அவர் பட்டறிவால் சொன்னதை அறிவியல் இவ்வாறு விளக்குகிறது. சுவிட்சர்லாந்து அறிஞர் போர்பேய் 1982இல் காட்டியபடி, உறக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. ஒன்று கடன். விழித்த நேரம் கூடக் கூட அது வட்டியோடு ஏறும், உறங்கினால்தான் தீரும். மற்றொன்று கடிகாரம். பகலெல்லாம் கடன் ஏறினாலும் கடிகாரம் நம்மைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆகையால்தான் மாலையிலும் தெளிவாக இருக்கிறோம். நள்ளிரவுக்குப் பின் கடிகாரம் தன் கையை எடுத்துவிடுகிறது. நான்கு ஐந்து மணி அளவில் உடல் வெப்பம் மிகத் தாழ்ந்து, கடன் உச்சத்தில் இருக்க, தாங்குவாரின்றி மனம் சரிகிறது. கை வேலை செய்யும், கண் திறந்திருக்கும், கவனம் மட்டும் நொடிக்கணக்கில் அறுந்து அறுந்து ஓடும். ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்போர் 1997இல் அளந்தபோது, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், குருதியில் 0.05 விழுக்காடு மது ஏறியவருடையதற்கு ஒப்பாக இருந்தது. நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுவோர்க்கு 0.03 விழுக்காட்டுக்கு மேல் இடந்தராது என்பதை இங்கே குறிப்பிடவேண்டும். மது அருந்தியவரைச் சாலையில் நிறுத்தி ஊதச் சொல்கிறோம். உறங்காதவரை ஊதச் சொல்லும் கருவி எங்கும் இல்லை.

பெரியவர் சொன்ன கள்ளத்துக்கும் சான்று உண்டு. 2003இல் பென்சில்வேனியாவில் வான் டாங்கன் குழுவினர், இரண்டு வாரம் நாள்தோறும் ஆறு மணியோ நான்கு மணியோ மட்டும் படுக்கவிட்டவர்களைச் சோதித்தனர். அவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, ஓரிரண்டு இரவு முற்றும் உறங்காதவரின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் எவ்வளவு தூக்கமாக இருக்கிறது என்று அவர்களைக் கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பின் பெரிதாக ஒன்றும் கூடவில்லை என்றே சொன்னார்கள். பழகிவிட்டது என்று நாம் எல்லோரும் சொல்லும் சொல் அது. மும்பை மின்வண்டியில் நின்றபடி உறங்கும் ஆயிரம் பேரைக் கேட்டால் ஆயிரம் பேரும் அதையே சொல்வர்.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வும் எங்களைச் சிந்திக்க வைத்தது. 2021இல் வெளியான அதில், கணினியில் விவரம் பதியும் 452 எளிய தொழிலாளர் பங்கேற்றனர். அவர்கள் படுக்கையில் கிடந்தது எட்டு மணி. உண்மையில் உறங்கியது ஐந்தரை மணிக்குச் சற்று மேல். வெப்பமும் ஓசையும் கொசுவும் மீதியைத் தின்றுவிட்டன. கண்மறைப்பும் காதடைப்பும் மின்விசிறியும் ஊக்கத் தொகையும் கொடுத்து இரவு உறக்கத்தை ஏறத்தாழ அரை மணி கூட்டினர். அதனால் வேலையிலோ கூர்மையிலோ மாற்றம் எதுவும் தென்படவில்லை. அதற்கு மாறாக, பணியிடத்திலேயே பிற்பகலில் அரை மணி அமைதியாகக் கண்ணயர இடங்கொடுத்தபோது கவனமும் வேலையும் மனநிலையும் மேம்பட்டன. அந்த அரை மணியையும் வேலையிலேயே கழித்தவர் ஈட்டிய கூலி அதனினும் மிகுதி என்பதையும் மறைக்கக் கூடாது. முதலாளிமார் அந்த வரியை மட்டும் படிப்பர். உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்று நம் பாட்டிமார் சொன்னது ஒரு சலுகையாக. உண்ணாதவர்க்கும் பிற்பகலில் அந்தச் சரிவு உண்டு என்பது பின்னர்த் தெரிந்தது.

மகளை வேலையை விட்டுவிடச் சொல்லலாமா என்று நாங்கள் இருவரும் நெடுநாள் பேசினோம். இரவுப் பணியைப் புற்றுநோய்க்கு ஏதுவாகக் கூடியவற்றுள் ஒன்றாக உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தி, 2019இல் மீண்டும் உறுதிசெய்ததையும் படித்திருந்தோம். மகளுடைய விடை சுருக்கமானது: "நான் விட்டா அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல வேற ஒருத்தி நிப்பா அம்மா. அவளும் தூங்காமத்தான் நிப்பா." இதற்கு மேல் அவளிடம் பேச எங்களுக்கு ஒன்றும் இல்லை.

அப்போதுதான் ஒரு செய்தி கண்ணில் பட்டது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உப்பேரி நீரிலிருந்து கனிமம் எடுக்கும் ஆலையொன்றில், முன் கூறிய சைஸ்லரும் அவர் துணைவரும் முறைப்பணியை ஆராய்ந்து 1982இல் வெளியிட்டனர். அங்குள்ளோர் வாரத்துக்கு ஒரு முறை இரவிலிருந்து மாலைக்கும், மாலையிலிருந்து காலைக்கும் பின்னோக்கி மாறிக்கொண்டிருந்தனர். உடலின் நாள் 24 மணிக்குச் சற்று மிகையானது என்பதால் அதைப் பின்னுக்கு இழுப்பதைவிட முன்னுக்கு நீட்டுவது எளிது. ஆகவே காலை, மாலை, இரவு என்று முன்னோக்கியும், வாரந்தோறும் என்பதை விட்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறையும் மாற்றினர். தொழிலாளர் உடல்நிலை தேறிற்று. ஆலையின் விளைவும் பெருகிற்று. ஓர் ஆளைக்கூட மிகுதியாக வைக்கவில்லை. பட்டியலின் திசையைத் திருப்பியதே செலவு.

மகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். இரவு, மாலை, காலை. அதே பின்னோக்கிய வரிசை.

அவளும் உடன் பணிபுரிவோர் பதினொருவரும் சேர்ந்து மேட்ரனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினர். மலையாளம், மராத்தி, தமிழ், கொங்கணி என நான்கு மொழிக்காரர் கூடிப் பேசி ஆங்கிலத்தில் எழுதியது. பணியைக் குறைக்குமாறு அதில் கேட்கவில்லை. வரிசையை முன்னோக்கி அமைக்கவும், இரவில் இருபது நிமிடம் முறைவைத்துக் கண்ணயர ஓர் அறை ஒதுக்கவும், மூன்று மணிக்கு மேல் தரும் மருந்துகளை இருவர் சேர்ந்து படித்துப் பார்க்கவும் மட்டும் கேட்டனர். கடைசிக் கோரிக்கை எங்கள் வீட்டு ஸ்டேஷன் மாஸ்டருடையது. வண்டி எண்ணை இருமுறை சொல்வது போல என்று அதை அவரே வாசகமாக்கிக் கொடுத்தார். பெயரிடுவோர் மேல் சினம் வருமோ என்ற அச்சத்தில் ஒருத்தி கடைசி நாளில் விலகிக்கொண்டாள். அவளுக்குப் பணி நிரந்தரமாகவில்லை. அவளைக் குறை சொல்வதற்கில்லை.

இடையில் எங்களால் இயன்றதைச் செய்தோம். அவள் உறங்கும் அறைச் சாளரத்துக்குக் கெட்டியான கறுப்புத் துணி தைத்தோம். காலையில் வீடு திரும்பும்போது கண்ணில் வெயில் விழாதிருக்கக் கறுப்புக் கண்ணாடி அணியச் சொன்னோம். வேலை முடிந்து வருபவள் வெயிலில் நடந்து வந்தால், உள்ளிருக்கும் கடிகாரம் பொழுது விடிந்தது என்று எழுந்து உட்கார்ந்துவிடும். வாசல் மணியின் கம்பியைப் பகலில் எடுத்துவிடுகிறோம். கதவில் தமிழ், மராத்தி, இந்தி ஆகிய மும்மொழியில் ஓர் அட்டை தொங்குகிறது: பகலில் உறங்குபவர் உள்ளார், மெல்லத் தட்டவும். எதிர்வீட்டு மாவ்ஷி தன் மாவரைக்கும் இயந்திரத்தை இப்போது மூன்று மணிக்கு மேல்தான் ஓட்டுகிறார். நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அட்டையைப் படித்துவிட்டுத் தாமே செய்தார்.

மேட்ரன் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, மருந்தை இருவர் படிப்பதை அன்றிரவே தொடங்கச் சொல்லிவிட்டார். அறைக்கு இடமில்லை என்றார். வரிசையைப் பற்றி மேலிடத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். பட்டியல் மாதந்தோறும் 25ஆம் தேதி செவிலியர் அறைச் சுவரில் ஒட்டப்படும். இதை எழுதும் இன்று தேதி 22.